நோட்டாவுக்கு விழும் வாக்கு யார் காதில் விழுகிறது?

வாசகர் கேள்வி: ஜனவரி 11
நிற்கிறவர்களில் ஒருவரையும் பிடிக்காமல் தொடர்ந்து நோட்டா பொத்தானையே அழுத்தி வருகிறேன். வென்றவர் வென்றார், தோற்றவர் தோற்றார், என் வாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வெயிலில் வரிசையில் நின்று இதைச் செய்வதற்கும் வீட்டிலேயே இருந்துவிடுவதற்கும் என்ன வேறுபாடு? எதிர்ப்பைக் காட்ட வேறு வழி இருக்கிறதா?

ஜனவரி 11, இரவு
முடிவைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா எத்தனை வாக்கு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர். டெபாசிட் காப்பாற்றச் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கிலும் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. ஆக, ஒரு வேட்பாளரின் டெபாசிட்டைப் பறிக்கக்கூட உங்கள் வாக்கு உதவாது.

ஆனாலும் வீட்டில் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். வீட்டில் இருப்பவரின் காரணம் எதுவாகவும் இருக்கலாம்: காய்ச்சல், வெளியூர்ப் பயணம், சோம்பல், பட்டியலில் பெயர் விடுபட்டது. நோட்டா போட்டவர் வந்து, பார்த்து, மறுத்திருக்கிறார். அந்த மறுப்பு எண்ணப்படுகிறது. அதற்கு மேல் அது என்ன சொல்கிறது என்பதுதான் சிக்கல். அதைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன்.

ஜனவரி 12, காலை
நோட்டா வருவதற்கு முன்பு 49ஓ இருந்தது. தேர்தலை நடத்துவதற்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் ஒரு விதி. வாக்குச்சாவடிக்குப் போய், 17ஏ எனும் வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மையும் வைத்துக்கொண்ட பிறகு, "நான் வாக்களிக்க விரும்பவில்லை" என்று தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே குறிப்பு எழுதுவார். அதன் பக்கத்தில் நீங்கள் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும்.

தேர்தல் பணியில் ஒரு முறை இதை நேரில் பார்த்தேன். நடுத்தர வயதுக்காரர், சட்டைப் பையில் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். அறையில் அதுவரை இருந்த சலசலப்பு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள் அவர் நடு அறையில் தனியாக நின்றார். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, இன்னொரு பேனா கொடுத்தோம். அவர் வெளியேறியதும் ஒரு முகவர் தன் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டதை நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை, அன்றைக்குத் தைரியமும் இல்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2013 செப்டம்பர் 27 அன்று அளித்த தீர்ப்பு அந்த முகவர் போட்ட கோட்டைத்தான் அழித்தது. வாக்களிக்கிறவருக்கு இரகசியம் உண்டென்றால் மறுக்கிறவருக்கும் உண்டு. அதனால் இயந்திரத்திலேயே ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்றது. நோட்டா பயனற்றது என்று எழுதுகிறவர்கள் அந்த மனிதர் நின்ற நிலையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 12, மாலை
"மறுப்பைத் துணிந்து பெயரோடு சொல்லட்டுமே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சொல்லலாம், நிலமும் வேலையும் வேறொருவர் கையில் இல்லாதவர் சொல்லலாம். கூலிக்குப் போகிற வீட்டுக்காரரே கட்சியின் கிளைச் செயலாளராகவும் இருக்கிற இடத்தில் வாழ்கிறவரிடம் இந்தத் துணிவைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஜனவரி 14
நேற்று முழுவதும் இதே யோசனை. இரகசியம் மறுக்கிறவரைக் காப்பாற்றியது, சரி. அதோடு அவருடைய காரணத்தையும் சேர்த்து மூடிவிட்டதே?

2014 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்தது நீலகிரியில், 46,559 வாக்குகள். காங்கிரஸ் வேட்பாளரைவிட அதிகம், மூன்றாம் இடம். இந்த எண்ணை எப்படி வாசிப்பது? 2ஜி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆ. ராசா மறுபடியும் நின்றதால் வந்த கோபம் என்றார்கள் சிலர். பசுந்தேயிலைக்கு விலை இல்லாமல் நொந்துபோன சிறு விவசாயிகளின் குரல் என்றார்கள் வேறு சிலர். பாரதிய ஜனதா வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட்டதால், அந்தக் கட்சிக்குப் போட இருந்தவர்கள் போட இடமில்லாமல் நோட்டாவுக்குப் போனார்கள் என்பதும் ஒரு விளக்கம். மூன்றுமே நம்பும்படி இருக்கின்றன. மூன்றும் கலந்தும் இருக்கலாம். ஒவ்வொரு கட்சியும் தனக்குச் சங்கடம் தராத விளக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைக்கு விலை கேட்டு அழுத்தியவரின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. பொத்தானுக்குச் சட்டபலம் இல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, கோபம் எதற்காக என்பது எங்கும் பதிவாகாதது.

ஜனவரி 15
காகித வாக்குச்சீட்டில் பதிவானதா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வகையில் ஆனது. ஊராட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்து, சந்தேகமானவற்றைத் தனித் தட்டில் போடுவோம். இரண்டு சின்னத்துக்கு நடுவில் முத்திரை விழுந்தவை, முத்திரையே இல்லாதவை, மை பரவியவை. அந்தத் தட்டில் ஒரு சீட்டில் முத்திரை எதுவும் இல்லை. ஓரமாக நீலப் பேனாவில் "பாலம் எப்போது கட்டுவீர்கள்" என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து. அதே பெட்டியில் இன்னும் சில சீட்டுகளில் "பாலம்" என்ற சொல் மட்டும் இருந்தது. ஒன்றில் எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள்.

மேசையைச் சுற்றி நின்ற முகவர்கள் எல்லோரும் படித்தார்கள். பிறகு வழக்கம்போல, வேறொரு சீட்டில் முத்திரை யார் சின்னத்தைத் தொடுகிறது என்ற சண்டைக்குத் திரும்பிவிட்டார்கள். பாலச் சீட்டுகள் "செல்லாதவை" என்ற கட்டோடு போயின. அறிக்கையில் எண்ணிக்கைக்கு மட்டும்தான் இடம் இருந்தது. இதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை, விதி அப்படி. ஆனால் அந்தக் கட்டை ரப்பர் வளையம் போட்டு உறையில் வைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த வாக்குச்சாவடி மக்கள் சொல்ல வந்ததைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

ஜனவரி 17
ஒரு வாசகர், நோட்டாவுக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் நேர்மையான அரசியலுக்கு ஏங்குகிறவர்கள் என்று எழுதியிருக்கிறார். எல்லோரையும் அப்படிச் சொல்ல முடியாது. தனித் தொகுதிகளில் பொதுத் தொகுதிகளைவிட நோட்டா விகிதம் கூடுதலாக இருப்பதைப் பல தேர்தல்களில் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பழங்குடியினர் தொகுதிகளில் அது அரசு மீதான கசப்பாக இருக்கலாம். சத்தீஸ்கரின் பஸ்தர் போன்ற இடங்களில் வாக்குச்சாவடிக்குப் போவதே மாவோயிஸ்டுகள், பாதுகாப்புப் படையினர் என இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கு நடுவில் நடந்த காரியம். பட்டியல் சாதியினருக்கான சில தொகுதிகளில் இன்னொரு ஐயமும் எழுகிறது: நிற்கிறவர்கள் எல்லோரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதாலேயே ஆதிக்கச் சாதி வாக்காளர் சிலர் எவருக்கும் போட மறுக்கிறார்களோ என்பது.

இது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. பாலம் கேட்டு அழுத்தியவரும், தலித் ஒருவர் தன் உறுப்பினராக வரக்கூடாது என்று அழுத்தியவரும் ஒரே எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அந்த எண்ணைப் பார்த்து "மக்களின் கோபம்" என்று தலைப்புப் போடுகிறோம்.

ஜனவரி 18
வேறு வழி இருக்கிறதா என்று முதல் கேள்வியிலேயே இருந்தது. இருக்கிறது. தாங்களே வேட்பாளர்களாக நிற்பது.

1996இல் மூன்று இடங்களில் இது நடந்தது. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப்போட்டு, களத்தில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலையே தள்ளிவைத்துத்தான் நடத்தினார்கள். கர்நாடகத்தின் பெல்காம் மக்களவைத் தொகுதியில் 456 பேர். இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டாவில் 480 பேர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, பிள்ளைகளின் எலும்பு வளைந்துபோன பகுதி அது. தண்ணீர் கேட்டு நின்றார்கள். அந்தத் தேர்தலுக்கு முன்பு நல்கொண்டாவின் எலும்பு நோயைப் பற்றித் தேசிய நாளிதழ்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வாக்குச்சீட்டின் நீளத்தைக் கேட்டு வியந்தவர்களுக்குக் காரணமும் சேர்ந்தே போனது.

அரசு தந்த முதல் பதில் கதவைச் சாத்தியதுதான். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கான டெபாசிட் எனும் கட்டுத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000க்கும், மக்களவைக்கு 500இலிருந்து 10,000க்கும் உயர்த்தினார்கள். சுயேச்சைகளுக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகும் நடந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத். அப்போது கட்டுத்தொகை 25,000 ரூபாய். மஞ்சளுக்கும் செஞ்சோளத்துக்கும் கட்டுப்படியான விலை வேண்டும், மஞ்சள் வாரியம் வேண்டும் என்று 178 விவசாயிகள் அதைக் கட்டி நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்கள்தான் கொள்ளும். ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு கருவிகளை வரிசையாக இணைத்து வைத்தார்கள். வாக்காளர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துத்தான் தன் சின்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதைய முதல்வர் சந்திரசேகர ராவின் மகளும் தொகுதியின் உறுப்பினருமான கவிதா தோற்றார்.

ஜனவரி 18, பின்னிரவு
"வென்றது விவசாயி அல்லவே, பாஜகவின் அரவிந்த் தானே" என்று கேட்டிருக்கிறார்கள். உண்மை. நானும் அதை வெற்றி என்று கொண்டாட வரவில்லை. வென்றவர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து வென்றவர். பிறகு விவசாயிகள் அந்தப் பத்திரத்தை அவரிடமே நீட்டி நீட்டிக் கேட்டார்கள். 2023இல் அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மஞ்சள் வாரியம் திறக்கப்பட்டது. விலைப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. கோரிக்கை இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், வென்றவர் எவரானாலும் அவரிடம் போய்க் கேட்க முடிந்தது. நோட்டா போட்டவர் எதைக் காட்டிப் போய்க் கேட்பார்?

ஜனவரி 20
ஊரே சேர்ந்து புறக்கணிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரு புறக்கணிப்பை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு முடித்து, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து உட்கார்ந்தோம். ஒருவரும் வரவில்லை. ஊர் எல்லையில் கருப்புக் கொடி கட்டியிருப்பதை வரும்போதே பார்த்திருந்தோம். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, வயல் வரப்பில் பிணத்தைத் தூக்கிப் போக வேண்டியிருக்கிறது என்பது கோரிக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எத்தனை வாக்கு பதிவானது என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். "பூஜ்யம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். மதியத்துக்கு மேல் வட்டாட்சியரும் காவல்துறை அதிகாரிகளும் வந்தார்கள். மரத்தடியில் பேச்சு. ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். மாலையில் திடீரென்று வரிசை நீண்டது. ஆறு மணிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்துத்தான் முடித்தோம்.

அந்தத் தாளில் எழுதியிருந்ததைப் பிறகு கேட்டறிந்தேன்: "தேர்தல் முடிந்த பிறகு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." அதற்கு மேல் எழுத அந்த அதிகாரியால் முடியாது. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது புதிய பணி எதையும் அறிவிக்கக்கூடாது. வாக்குப்பதிவு நாளில் நடக்கும் பேச்சில், கொடுக்க அதிகாரம் இல்லாத ஒருவரிடம் கேட்கிறோம். அவரும் நல்ல மனத்தோடு வாக்குக் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் மாற்றலாகிப் போய்விடுகிறார். கேட்பது ஞாயம். அதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது கேட்கிறவருக்கே பாதகம்.

ஜனவரி 20, சிறிது நேரம் கழித்து
மாலைவரைகூட இறங்காத புறக்கணிப்பும் உண்டு. 2024 ஏப்ரல் 19 அன்று நாகாலாந்தின் ஆறு கிழக்கு மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் வாக்காளர்களில் அநேகமாக ஒருவரும் வரவில்லை. தனி ஆட்சிப் பகுதி கேட்டுக் கிழக்கு நாகாலாந்து மக்கள் அமைப்பு விடுத்த அழைப்பு. அப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களிக்கப் போகவில்லை. கோரிக்கை தெளிவு, கட்டுப்பாடு முழுமை. ஆனாலும் அப்படி ஒரு நாளில் வாக்களிக்க விரும்பிய ஒருவர் இருந்திருந்தால், அவர் தெருவில் இறங்கி நடந்திருக்க முடியுமா? வருவதே எல்லோர் கண்ணிலும் படும்போது, 49ஓ பதிவேட்டில் கையெழுத்திட்டவரின் நிலை இங்கே தலைகீழாக வந்து நிற்கிறது.

ஜனவரி 22
இலங்கையிலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்ததும் மேலே சொன்னது இன்னும் உறைத்தது. 2005 நவம்பர் அதிபர் தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளர் ஏழு லட்சம் பேர். வாக்களித்தவர் நூற்றுக்கு 1.2 பேர். விடுதலைப் புலிகள் தரப்பின் புறக்கணிப்பும் அதன் பின்னாலிருந்த அச்சமும் வாக்குச்சாவடிகளைக் காலியாக்கின. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை ஏறத்தாழ 1,80,000 வாக்குகளில் வென்றார். பிறகு நடந்ததெல்லாம் தெரிந்ததே. அந்த நாளில் மக்கள் தாங்களாக விட்டுக்கொடுத்தது எவ்வளவு, அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கு முன்னாலும் ஒரு புறக்கணிப்பு உண்டு, இப்போது பலர் மறந்தது. 1931இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் மனுத்தாக்கலே நடக்கவில்லை. கொள்கையளவில் எவ்வளவு உயர்ந்த நிலைப்பாடு! ஆனால் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அன்றைய சட்டசபையான அரசாங்க சபையில் அந்த இடங்கள் காலியாகவே இருந்தன. சபை அதுபாட்டுக்கு நடந்தது.

2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். வெல்ல முடியாது என்று தெரிந்தே பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தினார்கள். 2,26,343 வாக்குகள். எதற்கான வாக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. கொழும்பு மீதிருந்த கோபத்தோடு தங்கள் சொந்தக் கட்சிகள் மீதான சலிப்பும் உள்ளே கனன்றுகொண்டிருந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். இதை மறுத்து எழுதுகிறவர்கள் எழுதுங்கள், எனக்கும் கேட்க ஆசை.

ஜனவரி 23
வெல்ல வாய்ப்பில்லாத சிறு கட்சிக்குப் போட்டு பெரிய கட்சிக்குப் பாடம் புகட்டலாம் என்பது மூன்று பேரின் கருத்து. செய்யலாம். இரண்டாவது சுற்று நிச்சயம் வரும், அப்போது சரியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பி மட்டும் செய்யாதீர்கள். பிரான்ஸில் அதிபர் தேர்தல் இரண்டு சுற்றாக நடக்கும்; 2002 ஏப்ரல் 21 அன்று முதல் சுற்றில் 16 பேர் நின்றார்கள். சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பானிடம் அதிருப்தியிலிருந்த இடதுசாரி வாக்குகள் பல பெயர்களுக்குச் சிதறின. ஜோஸ்பான் 16.18 சதவீதம், லெ பென் 16.86. இறுதிச் சுற்றுக்குப் போனது தீவிர வலதுசாரியான லெ பென். பாடம் புகட்ட நினைத்தவர்கள் இரண்டு வாரம் கழித்துத் தங்களுக்குப் பிடிக்காத வலதுசாரி அதிபர் சிராக்குக்கு வாக்களிக்க வரிசையில் நின்றார்கள். அவர் 82 சதவீதம் பெற்று வென்றார்.

ஜனவரி 25
"நோட்டாவுக்குச் சட்டபலம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு. கொடுத்த இடங்கள் உண்டு.

கொலம்பியாவில் எவருக்கும் இல்லை என்று போடும் வெற்று வாக்கு பாதிக்கு மேல் விழுந்தால் தேர்தலை ஒரு முறை திரும்ப நடத்த வேண்டும். தனிப்பதவிக்கான தேர்தலென்றால் பழைய வேட்பாளர்கள் மறுபடி நிற்க முடியாது. 2011இல் பெய்யோ நகர மேயர் தேர்தலில் ஒரே ஒரு வேட்பாளர்தான். வெற்று வாக்கு அவரைத் தோற்கடித்தது. ஹரியானா, மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையங்களும் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இதைப்போன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. நோட்டா முந்தினால் மறுதேர்தல்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1975 முதல் "இவர்களில் எவருமில்லை" என்ற வரி சீட்டில் இருக்கிறது, பலம் இல்லை. 2014இல் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் அந்த வரி 30 சதவீதம் பெற்று முதலிடம் வந்தது. 25 சதவீதம் பெற்ற அடுத்தவரை வேட்பாளராக அறிவித்தார்கள்.

நம்மிடம் 2024இல் இந்தூரில் நடந்ததும் அதைப்போன்றதுதான். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்று பாஜகவில் சேர்ந்தார். காங்கிரஸ் நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2,18,674 வாக்குகள், இரண்டாம் இடம். பாஜக வேட்பாளர் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்ததால், சட்டபலம் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அதே தேர்தலில் சூரத்தில் ஒரு மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் விலகி, ஒருவரே மிஞ்சினார். போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பதிவே கிடையாது, நோட்டாவை அழுத்த இயந்திரமே வரவில்லை. சட்டம் மாற வேண்டுமென்றால் முதலில் மாற வேண்டிய இடம் சூரத் என்பது என் வாதம். ஒருவர் மட்டும் நின்றாலும் அவருக்கும் நோட்டாவுக்கும் போட்டி நடக்கட்டும்.

ஜனவரி 25, இரவு
விடுபட்டது ஒன்று. ஒருவர் மட்டும் நிற்கும் தேர்தலில் மறுக்கும் உரிமை என்ன செய்யும் என்பதற்குப் போலந்து சாட்சி. 1989 ஜூன் 4. ஆளும் தரப்பின் பெருந்தலைகள் 35 பேர் போட்டியில்லாத தேசியப் பட்டியலில் நின்றார்கள். பாதி வாக்காளர் ஒப்புக்கொண்டால் போதும். வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும். மக்கள் பேனாவை எடுத்து அடித்துத் தள்ளினார்கள். 35 பேரில் 33 பேர் தேறவில்லை. பேனாவும் ஒரு கோடும் போதுமாக இருந்தது!

ஜனவரி 27
கட்டாய வாக்களிப்பு வேண்டும் என்று எழுதியவருக்கு: ஆஸ்திரேலியாவில் 1924 முதல் இருக்கிறது. அங்கும் நூற்றுக்கு ஐந்து சீட்டு அளவுக்குச் செல்லாதவையாகின்றன. வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண்ணிடுவதில் வரும் பிழை ஒரு பகுதி, வேண்டுமென்றே வெறுமையாக விடுவது ஒரு பகுதி. அபராதம் போட்டு ஆளை வரவழைக்கலாம், விருப்பத்தை வரவழைக்க முடியாது. இதில் எனக்கு மேலே எழுத எதுவுமில்லை.

ஜனவரி 29
நோட்டாவைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி தோன்றியது. சொல்லிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு தொகுதிக்கும் படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாள் உண்டு. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கும் நோட்டாவும் அதில் இருக்கும். தொகுதி முழுவதும் பரவிக் கிடக்கும் நோட்டாவுக்குப் பொருள் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட சாவடியில் மட்டும் பாதிப் பேர் நோட்டா போட்டிருந்து, அந்தச் சாவடிக்காரர்கள் முன்கூட்டியே "சுடுகாட்டுப் பாதைக்காக இதைச் செய்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், அந்தத் தாளை எவரும் திரித்து வாசிக்க முடியாது. தனியாள் எப்படிப் போட்டார் என்பதும் வெளியே தெரியாது. விரும்புகிறவர் வேட்பாளருக்கே போட்டுவிட்டும் போகலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். புறக்கணிப்பில் கிடைக்காத சுதந்திரம் இதில் இருக்கிறது.

ஜனவரி 30
எதிர்பார்த்த கண்டனம் வந்துவிட்டது. அதுவும் சரியான கண்டனம். சாவடி வாரியான எண்ணை நாம் பார்ப்பதுபோலக் கட்சிக்காரரும் பார்ப்பார். "உங்கள் தெருவில் எனக்கு நாற்பது ஓட்டுதான், உங்களுக்கு ஏன் குழாய்?" என்று கேட்பார். இந்த அச்சம் கற்பனை இல்லை. காகிதச் சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்தக் கலப்பு போயிற்று. பல இயந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

எனவே நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். ஒரே சமூகத்தார் வாழும் சிறிய காலனிக்குத் தனிச் சாவடி இருந்தால், அங்கே இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். யார் மீது பழி விழும் என்பது வெளிப்படை. பல தெருக்கள் சேர்ந்த பெரிய சாவடி, அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சில சேர்ந்து ஒரே கோரிக்கையை வைப்பது, இவை தாங்கும். நூறு பேரை மிரட்டுகிறவர் ஐந்தாயிரம் பேரிடம் வாக்குக் கேட்டுத்தான் வர வேண்டும்.

பிப்ரவரி 1
முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் தங்கள் பகுதி மனுவின் வரைவை எனக்கு அனுப்பியிருக்கிறார். பதினொரு கோரிக்கைகள் இருக்கின்றன. சாக்கடை, பள்ளிக் கட்டடம், வங்கிக் கிளை, பஸ் நேரம், ஊழல் ஒழிப்பு, நதிநீர் இணைப்பு என்று எல்லாம் கலந்து. நண்பரே, ஒன்றோ இரண்டோ போதும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். நதிநீர் இணைப்பை அவரால் செய்ய முடியாது, அதைச் சொல்லியே மற்றதையும் தட்டிக்கழிப்பார். பள்ளிக் கட்டடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பறை ஒழுகுகிறது, எந்த ஆண்டு யாரிடம் மனுக் கொடுத்தீர்கள், அதன் ஒப்புகைச் சீட்டு எங்கே என்பதை இணையுங்கள்.

தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே கொடுங்கள். அறிவித்துவிட்டால் நடத்தை விதியைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள். எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் ஒரு நகல், பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்டு. பதில் தருகிறவர் ஒருவர் இருந்தால், அவருக்கே வாக்களிப்பதா என்பதைக் கூட்டம் போட்டுப் பேசுங்கள். ஒருவரும் தராவிட்டால்தான் நோட்டா. கையெழுத்து வாங்கப் போகும்போது பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஒழுகும் வகுப்பறையிலிருந்து நனைந்து வரும் பிள்ளையின் புத்தகத்தை உலர்த்துகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் வரைவின் கீழே இருக்கும் கையெழுத்துகளில் ஒன்றுகூடப் பெண்ணுடையதாக இல்லை.